ஹெல்மெட்டில் பின்பார்வை: தோட்டப்புற மோட்டாரோட்டிக்கு ஒரு முழு வழிகாட்டி

பின்னால் வருவதைக் காட்டும் ஹெல்மெட் என்று ஒரு வீடியோ கைப்பேசிகளில் சுற்றினால் போதும், அந்த வாரம் முழுக்க மோட்டார் கடையில் அதே பேச்சுதான். "அண்ணே, ஹெல்மெட்டுக்குள்ளேயே பின்னாடி வர்ற லோரி தெரியுமாமே, ஆர்டர் போட்டுத் தர்றீங்களா?" என்று பையன்கள் வந்து நிற்பார்கள். மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயாவில் இந்தக் கேள்வி நியாயமானதுதான். பாதிப் பேர் இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் இந்த ஊரில் செம்பனை லோரியும் மணல் லோரியும் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளின் காடியும் (கார்) நம் கப்சாய் என்ற சின்ன மோட்டாரும் ஒரே சாலையில்தான் ஓட வேண்டும். நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை நட்டது இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில்தான், 1917-இல். செம்பனைப் பழக்குலை ஏற்றிய வண்டி முதுகுக்குப் பின்னால் உறுமுவது இந்த ஊருக்குப் புதிதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் பார்க்கும் கண், தலையில் இருப்பதைவிட மோட்டாரில் இருப்பதுதான் நம்மில் பெரும்பாலோருக்கு நல்லது. ஏன் என்பதும், அப்படியும் ஹெல்மெட்டில்தான் வேண்டும் என்றால் எதைப் பார்த்து வாங்குவது என்பதும், எப்படிப் பொருத்திச் சோதிப்பது என்பதும் கீழே வரிசையாக இருக்கிறது. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். முதல் இரண்டு படியிலேயே பலருக்கு வேலை முடிந்துவிடும், காசும் மிஞ்சும்.

படி 1: எந்த இடத்தில் பின்னால் பார்க்க வேண்டியிருக்கிறது என்று யோசியுங்கள்

நேர்ச்சாலையில் பின்னால் யார் வந்தாலும் பெரிய தொல்லை இல்லை. தொல்லை, பெரிய சாலையிலிருந்து வலப்பக்கம் தோட்டத்துச் செம்மண் பாதைக்குத் திரும்பும் அந்தச் சில விநாடிகளில் இருக்கிறது. நாம் சிக்னல் போட்டு வேகத்தைக் குறைத்து நடுக்கோட்டுப் பக்கம் நகர்கிறோம். பின்னால் வருகிறவன், மோட்டார்க்காரன் மெதுவாகப் போகிறான் என்று நினைத்து வலப்பக்கமாக முந்துகிறான். நாம் திரும்புவதும் அவன் முந்துவதும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கிவிட்டீர்கள், பின்னால் லோரி 80-இல் வருகிறது. வித்தியாசம் 50 கிலோமீட்டர், அதாவது விநாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். 70 மீட்டர் தள்ளி இருந்த லோரி 5 விநாடியில் உங்கள் சீட்டுக்குப் பின்னால் நிற்கும். இதையே காலை ஆறு மணிக்கு, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் இருட்டில் நினைத்துப் பாருங்கள். நம் நாட்டில் சூரியன் எட்டிப் பார்க்க ஏழு மணியாகிவிடும். அந்த நேரத்தில் கண்ணாடியில் தெரிவது இரண்டு வெளிச்சப் புள்ளிகள் மட்டுமே. அது காடியா லோரியா, தூரமா பக்கமா என்று புள்ளியை வைத்துச் சொல்ல முடியாது.

அதனால் ஒரு பின்பார்வைச் சாதனம் நல்லதா கெட்டதா என்று பார்க்க என் அளவுகோல் ஒன்றுதான்: வலப்பக்கம் திரும்பும் அந்த 5 விநாடியில் அது உதவுகிறதா, இல்லை கண்ணைப் பிடித்து வைத்துக்கொள்கிறதா?

படி 2: கையிலிருக்கும் கண்ணாடியைச் சரிசெய்யுங்கள்

பக்கக் கண்ணாடி இல்லாத மோட்டாருக்குப் போலீஸ் சமன், அதாவது அபராதம் உண்டு. ஹெல்மெட்டில் பின்பார்வை இருக்கிறது என்று ரோட் ப்ளாக்கில் சொல்லித் தப்ப முடியாது. சட்டத்தை விடுங்கள், அழகுக்கென்று மாட்டும் உள்ளங்கையைவிடச் சிறிய அலுமினியக் கண்ணாடியில் பாதி உங்கள் முழங்கைதான் தெரியும். எவ்வளவு பெரிய கண்ணாடி வேண்டும் என்பதற்கு ஐ.நா.வின் 81-ஆம் எண் விதியைப் பாருங்கள். வட்டக் கண்ணாடி என்றால் குறைந்தது 94 மில்லிமீட்டர் விட்டம், மற்ற வடிவம் என்றால் குறைந்தது 69 சதுர சென்டிமீட்டர் பரப்பு. ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். கம்பெனியிலிருந்து வந்த பழைய கண்ணாடியைக் கழற்றிப் போட்டதற்கு வருத்தப்படுவீர்கள்.

பொருத்தும்போது ஒரு விஷயம். யமஹா மோட்டார்கள் பலவற்றில் வலப்பக்கக் கண்ணாடியின் மரை தலைகீழாக இருக்கும். கழற்ற வேண்டுமானால் கடிகார முள் சுற்றும் திசையில் திருப்ப வேண்டும். தெரியாமல் முறுக்கி மரையைத் தின்னவைத்து, பிறகு கம்பி கட்டி ஓட்டுகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வாங்கும் கண்ணாடியும் அதே மரையா என்று கேட்டு வாங்குங்கள்.

சரிசெய்வதை நடு ஸ்டாண்டில் நிறுத்திவைத்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் மாதிரி உட்கார்ந்து, ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு செய்யுங்கள். நின்றுகொண்டு திருப்பினால் ஓட்டும்போது வானம்தான் தெரியும். தொடுவானம் கண்ணாடியின் நடுவிலோ சற்று மேலேயோ வரட்டும். உள்பக்க ஓரத்தில் தோள்பட்டையின் நுனி மட்டும் தெரிந்தால் போதும். அதற்கு மேல் தெரிந்தால் கண்ணாடியை வெளியே தள்ளுங்கள். தண்டு குட்டையாக இருந்தால் எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை, நீளத் தண்டு வாங்குங்கள்.

அடுத்தது தூரத்தைப் பழகுவது. பக்கக் கண்ணாடி நடுவில் சற்றே புடைத்த குவி ஆடி. பரந்து காட்டும், ஆனால் எல்லாவற்றையும் சிறிதாக்கித் தூரத்தில் இருப்பதுபோல் காட்டும். கோயில் திடலில் மாலை நேரத்தில் ஒரு நண்பரை அவருடைய மோட்டார் விளக்கை எரியவிட்டு 20 மீட்டர், 40 மீட்டர், 70 மீட்டர் பின்னால் நிறுத்துங்கள். ஒவ்வொரு தூரத்திலும் கண்ணாடியைப் பாருங்கள், உடனே தலையைத் திருப்பி நேரிலும் பாருங்கள். வெளிச்சம் இருட்டியதும் இன்னொரு முறை. கண்ணாடியில் 70 மீட்டர் எந்த அளவில் தெரிகிறது என்று கண்ணுக்குப் பழகிவிட்டால், எந்த ஹெல்மெட் கம்பெனியும் விற்க முடியாத ஒன்று உங்களுக்கு வந்துவிட்டது.

படி 3: கழுத்து திரும்புகிறதா?

கண்ணாடியில் விழாத இடம் தோளுக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குத் தலையைத் திருப்பித்தான் ஆக வேண்டும். ஹெல்மெட் பெரிதாக இருந்தால் தலை திரும்பும், ஹெல்மெட் திரும்பாது. கண்ணுக்குக் கிடைப்பது கன்னத்துப் பஞ்சு. ஐரோப்பிய 22-ஆம் எண் விதிப்படி ஹெல்மெட் திறப்பு நேர்க்கோட்டிலிருந்து இரு பக்கமும் 105 பாகை வரை பார்வையை மறைக்கக் கூடாது. அமெரிக்க விதியும் அதே 105 பாகையைத்தான் கேட்கிறது. கடையிலேயே மாட்டிக்கொண்டு, முகத்தை நேராக வைத்து, இரண்டு கைகளையும் காதுக்கு நேராக நீட்டி விரலை ஆட்டிப் பாருங்கள். ஓரக்கண்ணில் அசைவு தெரிய வேண்டும். கீறல் விழுந்த கறுப்பு வைசர் போட்டுக்கொண்டு பின்பார்வைக் கேமரா தேடுகிறவர், முதலில் ஒரு தெளிவான வைசர் வாங்கட்டும்.

படி 4: ஹெல்மெட் வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று வகை இருக்கிறது.

ஒட்டுக் கண்ணாடி. இணையக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் குட்டி வட்டக் கண்ணாடியை வைசரின் உள்ளே மூலையில் ஒட்டுவது. இது வேலை செய்யாது, காரணம் எளிது. குவி ஆடியில் பிம்பம் ஆடிக்குப் பின்னால் மிகப் பக்கத்திலேயே விழும். கண்ணிலிருந்து 5 சென்டிமீட்டரில் ஆடி, அதற்குப் பின்னால் 10 சென்டிமீட்டருக்குள் பிம்பம். மொத்தம் 15 சென்டிமீட்டர் தூரத்தில் கண் பதிய வேண்டும். பெரியவர்கள் கண்ணுக்கு 25 சென்டிமீட்டருக்குள் வந்தாலே மங்கல்தான், நாற்பது வயதுக்கு மேல் கேட்கவே வேண்டாம். தட்டைக் கண்ணாடி என்றால் பிம்பம் தூரத்தில் விழுவதால் கண் பதியும். ஆனால் அதில் தெரிவது உங்கள் காதோரப் பஞ்சு. சைக்கிள்காரர்கள் மாதிரி குச்சி வைத்து வெளியே நீட்டலாமே என்றால், மோட்டார் ஹெல்மெட்டில் அது ஆபத்து. விழுந்து தலை தாரில் உரசும்போது நீட்டிக்கொண்டிருப்பது மாட்டித் தலையை முறுக்கிவிடும். ஹெல்மெட் ஓட்டுக்கு வெளியே 5 மில்லிமீட்டருக்கு மேல் கெட்டியாக எதுவும் நீளக் கூடாது என்று அமெரிக்க விதி சொல்வது சும்மா இல்லை.

ஆடி வழி ஹெல்மெட். பிரிட்டனின் ரீவூ கம்பெனி செய்தது. பின்பக்கம் ஒரு ஜன்னல். அதில் நுழையும் வெளிச்சம் தலைக்கு மேலே ஹெல்மெட்டுக்குள்ளேயே ஆடிகளில் பட்டு, நெற்றிக்கு மேலிருக்கும் சிறு ஆடிக்கு வந்து சேரும். காடிக்குள் இருக்கும் நடுக்கண்ணாடியைப் பார்ப்பதுபோல் கண்ணை லேசாக உயர்த்தினால் போதும். பேட்டரி இல்லை, ஒயர் இல்லை, தாமதமும் இல்லை. மூளை உள்ள வேலை என்று மனதாரச் சொல்லலாம்.

கேமரா ஹெல்மெட். பின்னால் கேமரா, கண்ணுக்கு முன் சின்னத் திரை. அமெரிக்காவின் ஸ்கல்லி ஏஆர்-1 இதில் பேர்போனது. 2014-இல் இணையத்தில் மக்களிடம் முன்பணம் திரட்டியபோது 20 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. 2016-இல் கம்பெனி படுத்துவிட்டது. பணம் கட்டிய பலருக்கு ஹெல்மெட் வரவே இல்லை. 2017-இல் ஜப்பானிலிருந்து கிராஸ்ஹெல்மெட் அதே வழியில் பணம் திரட்டியது. முன்பணம் கட்டி இந்த வகையை வாங்குகிறவரிடம் நான் கேட்பது, கட்டுகிற காசு போனாலும் பரவாயில்லையா என்றுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஆடியோ கேமராவோ, தலையில் இருக்கும் எந்தப் பின்கண்ணுக்கும் ஒரு பிறவிக் குறை உண்டு: அது தலையோடு சேர்ந்து திரும்பும். முச்சந்தியில் வலப்பக்கம் திரும்பத் தலையை வலப்பக்கம் திருப்புகிறீர்கள். உடனே ஹெல்மெட்டின் பின்பக்கம் இடப்பக்கமாகப் போகிறது. எந்தப் பக்கத்திலிருந்து லோரி முந்தி வருமோ அந்தப் பக்கம் திரையிலிருந்து நழுவி, சாலையோரச் செம்பனை மரம் தெரிகிறது. மீட்டரைப் பார்க்கக் குனிந்தால் பின்கண் வானத்தைப் பார்க்கும். படி 1-இல் சொன்ன அந்த 5 விநாடியில்தான் இது கைவிடுகிறது.

இன்னொன்று. கப்சாயில் தனியாகப் போகிறவர்கள் எத்தனை பேர்? மனைவியை வேலைக்கு விடுவதும் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போவதும் ஒரே மோட்டாரில்தான். பின்னால் ஆள் உட்கார்ந்தால் ஹெல்மெட் கேமராவில் முழுக்க முழுக்கத் தெரிவது அவர்களுடைய வைசர். ஐரோப்பாவில் நெடுஞ்சாலையில் தனியாகப் பெரிய மோட்டார் ஓட்டுகிறவருக்காக யோசித்த பொருள் இது. அவருக்கு உதவும்.

படி 5: அப்படியும் ஹெல்மெட்தான் வேண்டும் என்றால்

முதலில் சிரிம் ஒட்டு, அதாவது மலேசியத் தரச் சான்று நிறுவனத்தின் முத்திரை. மலேசியாவில் ஹெல்மெட் எம்எஸ் 1 தரத்தில் தேறியிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரும் ஹெல்மெட்டில் அது இருக்காது. விபத்தென்று ஆனால் வரும் கேள்விகளுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பிறகு எடையைப் பாருங்கள். சாதாரண முழுமுக ஹெல்மெட் ஒன்றரை கிலோவுக்கு முன்னே பின்னே இருக்கும். கேமராவும் பேட்டரியும் சேர்ந்தால் கழுத்துக்குத் தெரியும், அதுவும் பின்பக்கம் கனத்தால் மேட்டுச் சாலையில் நன்றாகவே தெரியும். கடையில் மாட்டிப் பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். கடை முதலாளி தவுக்கே முறைத்தால் முறைக்கட்டும்.

ஆடி வகையானால் ஹெல்மெட் அளவு ரொம்பச் சரியாக இருக்க வேண்டும். உள்பஞ்சு அமுங்கித் தலை கொஞ்சம் மேலே ஏறினாலும் ஆடியின் கோணம் தப்பிவிடும். நெற்றி ஆடியில் முழுச் சாலையும் தெரிகிறதா, இல்லை உங்கள் சொந்தத் தோள் பாதி மறைக்கிறதா என்று மோட்டாரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் ஹெல்மெட் ஓட்டில் துளை போடாதீர்கள், உள்ளே இருக்கும் வெள்ளைத் தெர்மோகோலைச் சுரண்டி ஒயர் புதைக்காதீர்கள். அடியை வாங்கிக்கொள்வது அந்தத் தெர்மோகோல்தான்.

படி 6: மோட்டாரில் கேமரா பொருத்துவது

நான் பரிந்துரைப்பது இதுதான். சீட்டுக்கடியில் அல்லது நம்பர் பிளேட்டுக்கு மேல் ஒரு கேமரா, மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு திரை. முன்னும் பின்னும் பதிவுசெய்யும் செட்டாகவே சந்தையில் கிடைக்கிறது. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் இது பின்னால்தான் பார்க்கும், பின்சீட்டு ஆளும் மறைக்க மாட்டார்.

கேமரா ஐபி67 என்று எழுதியிருப்பதாக இருக்கட்டும். தூசு புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் அது வாட்டர் ஜெட்டுக்கான உத்தரவாதம் இல்லை. கழுவும் கடையில் கேமராமேல் நேராக அடிக்க விடாதீர்கள்.

மின்சாரம் எடுக்கும் இடத்தில்தான் பலர் சொதப்புகிறார்கள். பழைய கப்சாய் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் காயிலிலிருந்து நேராக ஏசி மின்சாரம் போகும், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும். அந்த ஒயரில் கேமராவைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடும். சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் டிசி வரும் ஒயர் வேண்டும். ஹோண்டாவில் வழக்கமாகக் கறுப்பு, யமஹாவில் பிரவுன். நிறத்தை மட்டும் நம்பாமல் மீட்டர் வைத்துப் பாருங்கள். அந்த ஒயரிலிருந்து பிரிந்த உடனே 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. ஒயரைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், எங்கும் இழுபடக் கூடாது. சைலன்சர் பக்கமே போக வேண்டாம்.

பொருத்தியதும் இடம் வலம் பாருங்கள். இதை விட்டுவிடாதீர்கள். கேமரா காட்டும் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிக் காட்ட வேண்டும். நண்பரைப் பின்னால் உங்கள் வலக்கைப் பக்கமாக நிற்கச் சொல்லுங்கள். திரையிலும் அவர் வலப்பக்கமே தெரிய வேண்டும். இடப்பக்கம் தெரிந்தால் செட்டிங்கில் போய்ப் படத்தைத் திருப்புங்கள். திருப்பும் வசதி இல்லாத கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேமராவைச் சாய்க்கும்போது தொடுவானம் படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் வரட்டும். நம்பர் பிளேட்டை மறைத்தால் அதற்குத் தனிச் சமன்.

ராடார் வைத்துப் பின்னால் வருவதைச் சொல்லும் மோட்டாரும் இருக்கிறது. டுகாட்டி 2020-இல் அறிமுகம் செய்த மல்டிஸ்ட்ராடா வி4-இல் முன்னும் பின்னும் ராடார், கண்ணாடியிலேயே விளக்கு எரியும். கப்சாய்க்கென்று இணையத்தில் விற்கும் மலிவு சென்சார்கள் ஓரத்து வேலிக்கும் கத்தும், மோட்டார் சாய்ந்தாலும் கத்தும். நான் தொட மாட்டேன்.

படி 7: தாமதத்தை அளந்து பாருங்கள்

கேமரா பார்ப்பதற்கும் திரை காட்டுவதற்கும் இடையில் கொஞ்சம் நேரம் ஓடும். அதை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டுக் கேமரா முன் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தக் கைப்பேசியும் திரையும் ஒரே படத்தில் விழுமாறு இன்னொரு கைப்பேசியால் படம் எடுங்கள். படத்தில் இரண்டு எண் தெரியும்; வித்தியாசம்தான் தாமதம். கால் விநாடிக்குள் இருந்தால் பிழைத்தோம். 0.3 விநாடி என்றால், நம் 50 கிலோமீட்டர் வித்தியாசக் கணக்கில் லோரி திரையில் தெரிவதைவிட 4 மீட்டர் முன்னாலேயே வந்துவிட்டது என்று பொருள். ஹெல்மெட் கேமராவுக்கும் இதே சோதனைதான்.

அப்புறம் இரவுச் சோதனை. பின்னால் காடியை உயர் விளக்கோடு நிறுத்திப் பாருங்கள். மலிவுக் கேமராவில் படம் முழுக்க வெள்ளையாகிவிடும். அப்படியானால் விடியற்காலைக்கு அது உதவாது, பகலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

படி 2-இல் செய்த 20, 40, 70 மீட்டர் பழக்கத்தைத் திரைக்கும் செய்யுங்கள். அகலக் கோணக் கேமராவில் 40 மீட்டரில் நிற்கும் லோரி நகத்தளவு தெரியும், பக்கக் கண்ணாடியில் தெரிவதைவிடச் சிறிதாக.

படி 8: சாலையில் பழகுவது

60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி திரையைப் பார்த்தால் 17 மீட்டர் முன்னால் பார்க்காமல் போயிருக்கிறோம். அதற்குள் லோரியிலிருந்து விழுந்த ஒரு குலை நடுச்சாலையில் கிடக்கலாம். இருபது கிலோ முள் மூட்டை அது. ஆகவே திரையை ஓயாமல் பார்ப்பது பழக்கமாகக் கூடாது. வலப்பக்கம் திரும்புவதற்கு நல்ல தூரத்துக்கு முன்பே ஒரு பார்வை, சிக்னல், மறுபடி வலக் கண்ணாடியில் ஒரு பார்வை, கடைசியாகத் தோளுக்கு மேல் தலையைத் திருப்பி ஒரு பார்வை. திரும்பத் தொடங்கிய பிறகு திரைக்கு வேலையில்லை.

பின்னால் வெளிச்சம் தெரிந்து, அதன் தூரம் பிடிபடவில்லை என்றால் நடுக்கோட்டுப் பக்கம் போகவே வேண்டாம். இடப்பக்கம் ஓரங்கட்டி நில்லுங்கள், வண்டி போகட்டும், இரு பக்கமும் பார்த்துவிட்டுக் குறுக்கே கடந்து போங்கள். பெரட்டுக்குத் தாமதமானால் வேலையை மேய்க்கும் மண்டோர் திட்டுவார், அவ்வளவுதான்.

நீங்கள் பின்னால் பார்ப்பது போலவே, பின்னால் வருகிறவர் உங்களைப் பார்க்க வேண்டும். மலேசியாவில் 1992 முதல் மோட்டார்கள் பகலிலும் முன்விளக்கு எரிய ஓட வேண்டும் என்பது கட்டாயம். பின்விளக்கை யாரும் கவனிப்பதில்லை. வாரத்துக்கு ஒருமுறை பிரேக்கை அழுத்திச் சுவரில் சிவப்பு விழுகிறதா என்று பாருங்கள். கேமராவுக்கு முந்நூறு வெள்ளி செலவழித்துவிட்டு பின்விளக்கு பல்புக்கு யோசிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 9: பராமரிப்பு

செம்மண் தூசும் மழையும் சேர்ந்தால் பின்சக்கரம் அடிக்கும் சேறு கேமராக் கண்ணில் காய்ந்து ஒட்டும். காய்ந்ததைத் துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள், பிறகு பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு சொட்டு, மெல்லிய துணி. வைசருக்கும் ஹெல்மெட் ஆடிக்கும் இதேதான். பெட்ரோல், தின்னர், கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டாம்; பாலிகார்பனேட்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விட்டு ஒருநாள் அப்படியே பிளக்கும்.

பேட்டரி உள்ள ஹெல்மெட்டை மதிய வெயிலில் மோட்டார் கண்ணாடியில் மாட்டிவிட்டுப் போகாதீர்கள். வெயிலில் சுட்ட பேட்டரியை உடனே சார்ஜில் போடவும் வேண்டாம், ஆறவிடுங்கள். மழையில் நனைந்தால் சார்ஜ் துளையின் ரப்பர் மூடியைத் திறந்து, தலைகீழாக வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒயரைச் செருகுங்கள். ஒருமுறை பலமாகக் கீழே விழுந்த ஹெல்மெட்டை, உள்ளே கேமரா இன்னும் ஓடினாலும், மாற்றித்தான் ஆக வேண்டும்.